ஆல்ஃபா 0.89 வந்துவிட்டது, படிவத்தை நம்பலாமா?

வாசகர் கேள்வி, பிப்ரவரி 8, 2025

வேலூர் மாவட்டத்தில் குடியாத்தம், கே.வி.குப்பம் பக்கம் வேலை செய்யும் ஒரு சின்னத் தொண்டு நிறுவனத்தில் இருக்கிறேன். தனியாக வாழும் முதியோருக்கு மதியச் சாப்பாடு வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கிறோம். யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்ய 22 கேள்விகள் உள்ள படிவம் ஒன்றை நாங்களே தயாரித்தோம். ஒவ்வொரு கேள்விக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 66 மதிப்பெண். 30 அல்லது அதற்கு மேல் வந்தால் சாப்பாடு உண்டு. 300 பேரிடம் போட்டுப் பார்த்ததில் க்ரோன்பாக் ஆல்ஃபா 0.89. நம்பகத்தன்மை நிரூபணமாகிவிட்டது என்கிறேன் நான். எங்கள் செயலாளர் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார். யார் சரி?

பிப்ரவரி 9, ஞாயிறு

செயலாளர் சரி. அவர் என்ன காரணம் சொல்லி மறுக்கிறாரோ தெரியாது, மறுப்பது சரி.

ஆல்ஃபா என்பது 1951இல் லீ க்ரோன்பாக் எழுதிய கட்டுரையால் புழக்கத்துக்கு வந்த அளவு. 22 கேள்விகளும் ஒன்றோடொன்று எவ்வளவு ஒட்டி நகர்கின்றன என்பதை மட்டும் அது சொல்லும், உச்சம் 1. பஜனை கோஷ்டியில் எல்லோரும் ஒரே சுருதியில் பாடுகிறார்களா என்று பார்ப்பதுபோல. சுருதி சரியா, நாளைக்கு வேறு கோஷ்டி வந்தால் இதே சுருதியில் பாடுமா என்றெல்லாம் அதற்குத் தெரியாது. உங்களுக்கு வேண்டியது அதுதான்: இன்று ஒரு பணியாளர் போய் 32 போட்ட ஆயாவுக்கு நாளைக்கு இன்னொருவர் போனால் எவ்வளவு போடுவார்?

இன்னொன்று. கேள்விகளைக் கூட்டினாலே ஆல்ஃபா ஏறும். கேள்விகளுக்கு இடையே சராசரி ஒட்டுறவு 0.3 என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 கேள்வி இருந்தால் ஆல்ஃபா 0.81. அதே தரத்தில் இன்னும் 10 கேள்வி சேர்த்து 20 ஆக்கினால் 0.90. ஒரு கேள்விகூடத் திருந்தவில்லை, எண் மட்டும் ஏறிவிட்டது. உங்களுடையது 22.

ஒரே விஷயத்தைச் சுற்றிச் சுற்றிக் கேட்டாலும் ஏறும். "சமைக்க முடிகிறதா", "அடுப்பு மூட்ட முடிகிறதா", "சோறு வடிக்க முடிகிறதா" என்று மூன்றாகக் கேட்டிருந்தால் 0.89 வந்ததில் ஆச்சரியமே இல்லை. படிவத்தைப் பார்க்காமல் சொல்கிறேன், பார்த்துவிட்டு மறுக்கலாம்.

பிப்ரவரி 9, இரவு

300 படிவத்தையும் நிரப்பியது எத்தனை பேர்? ஒருவரா, பத்துப் பேரா? அதைச் சொல்லாமல் மேலே பேசிப் பயனில்லை.

பிப்ரவரி 11

மூன்று பேர் நிரப்பினார்கள், அதில் 200க்கு மேல் ஒரே அக்காவுடையது என்று பதில் வந்திருக்கிறது. மூன்று சமையல் கேள்விகளும் இருக்கின்றனவாம்.

அப்படியானால் அந்த 0.89இல் பெரும்பங்கு அந்த அக்காவின் சீரான மனநிலைக்குச் சேரவேண்டியது. குறையாகச் சொல்லவில்லை. பல வருஷம் ஊர் ஊராகப் போன களப்பணியாளருக்கு வாசலில் கால் வைத்ததுமே ஒரு முடிவு வந்துவிடும். தகரக் கதவு, மங்கின கண், மூலையில் சின்ன ஸ்டவ், துணைக்கு ஆளில்லை. மனசுக்குள் "இவங்களுக்குக் கொடுக்கணும்" என்று விழுந்துவிட்டது. அப்புறம் 22 பெட்டியும் அந்த முடிவுக்குப் பின்னால்தான் நடக்கும். எல்லாம் 2, 3. அடுத்த வீட்டில் கலர் டிவி ஓடுகிறது, எல்லாம் 0, 1. கேள்விகள் அழகாக ஒட்டி நகரும், ஆல்ஃபா ஏறும். அளந்தது என்னவோ ஒரே ஒரு பார்வையை.

அந்தப் பார்வை சரியாகவும் இருக்கலாம். பல நேரம் சரியாகத்தான் இருக்கும். ஆனால் அந்த அக்கா வேலையை விட்டுப் போனால் படிவத்தின் நம்பகத்தன்மையும் கூடவே போய்விடும்.

பிப்ரவரி 15, சனி

"அப்போ என்னதான் செய்வது, இருவரைச் சேர்த்து அனுப்பினால் போதுமா?" என்று கீழே ஒருவர் கேட்டிருக்கிறார்.

இரண்டு வழி உண்டு, இரண்டும் வேறு வேறு விஷயத்தைச் சோதிக்கும். முதல் வழியில் இருவரும் ஒன்றாகப் போகிறார்கள். ஒருவர் கேட்பார், இருவரும் தனித்தனியாக மதிப்பெண் போடுவார்கள். கேட்ட பதில் ஒன்றுதான் என்பதால் வித்தியாசம் வந்தால் அது மதிப்பெண் விதியில் உள்ள ஓட்டை. இரண்டாவது வழி தனித்தனியாக, வேறு வேறு நாளில் போவது. அதில் எல்லாமே மாறும்: கேட்கிற விதம், நேரம், வீட்டில் யார் இருந்தார்கள், ஆயாவுக்கு அன்றைக்கு முட்டிவலி எப்படி.

பெரும்பாலான அமைப்புகள் முதல் வழியை மட்டும் செய்துவிட்டு, வந்த நல்ல எண்ணை அறிக்கையில் போடும். நிஜத்தில் நடப்பது இரண்டாவது. உங்கள் பணியாளர்கள் என்றைக்காவது ஜோடியாகப் போய் உட்கார்ந்திருக்கிறார்களா? ஒருவர்தானே போவார்.

அணைக்கட்டு ஊர்ப் பக்கம் நாங்கள் தனித்தனி வருகை செய்து பார்த்த காலத்தில் ஒரு விஷயம் திரும்பத் திரும்பத் தட்டுப்பட்டது. காலையில் போனால் வீட்டில் முதியவர் மட்டும் இருப்பார். மற்றவர்கள் நூறு நாள் வேலைக்கோ, செருப்புக் கம்பெனிக்கோ போயிருப்பார்கள். "யாரும்மா சாப்பாடு போடறாங்க?" என்றால் கதை கதையாக வரும். சாயங்காலம் இன்னொருவர் போவார். மருமகள் வாசல்படியில் நின்று முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருப்பார். அதே கேள்வி, அதே ஆயா. "எல்லாம் நல்லாத்தான் பாத்துக்குறாங்க, இன்னா குறை." காலையில் 3, மாலையில் 0. இரண்டு பணியாளரும் கேட்டதை அப்படியே எழுதியிருக்கிறார்கள். யாரைத் திருத்துவது?

முதல் வருகையே ஒரு செய்தி என்பதையும் மறக்காதீர்கள். ஃபைலும் கையுமாக ஒருவர் வந்து போனால் தெரு முழுக்கப் பேச்சு. 2023இல் மகளிர் உரிமைத் தொகைக்கு மனு வாங்கினார்கள், நினைவிருக்கும். ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்கவேண்டும், வருஷத்துக்கு 3600 யூனிட்டுக்கு மேல் கரண்ட் ஓடக்கூடாது என்றெல்லாம் விதி. அதற்கப்புறம் எந்தப் படிவத்தைக் கையில் பிடித்துப் போனாலும் முதல் கேள்வி நம்முடையது இல்லை, அவர்களுடையது: "இது எந்தப் பணத்துக்கு சார்?" அந்தக் கேள்விக்கு நாம் சொல்கிற பதிலைப் பொறுத்து 22 பதில்களும் மாறும். இரண்டாவது ஆள் போகும்போது ஆயாவுக்குப் படிவம் மனப்பாடம்.

பிப்ரவரி 16

"எங்களுக்கு 85 சதவீதம் ஒத்துப்போகிறது, அது போதாதா" என்று இன்னொரு குரல். அடிக்கடி வரும் வாதம், கணக்கு போட்டே பார்த்துவிடலாம். எண்கள் கற்பனை.

40 முதியவர்கள், இரண்டு பணியாளர்கள். இருவரும் "தேவை" என்றது 4 பேரை. இருவரும் "தேவையில்லை" என்றது 30 பேரை. மீதி 6 பேரில் மாறுபாடு: மூன்று பேருக்கு முதல் பணியாளர் மட்டும் "தேவை" என்றார், மூன்று பேருக்கு இரண்டாமவர் மட்டும். 34/40, அதாவது 85 சதவீதம் ஒத்துப்போனது. ஆனால் இங்கே இருவருமே பெரும்பாலோருக்கு "தேவையில்லை" என்றுதான் போடுகிறார்கள். கண்ணை மூடிக்கொண்டு அதே விகிதத்தில் போட்டிருந்தாலே 71 சதவீதம் ஒத்துப்போயிருக்கும். தற்செயலாகக் கிடைக்கிற அந்த 71ஐக் கழித்துவிட்டு மீதியில் எவ்வளவு பிடித்தார்கள் என்று சொல்வது 1960இல் ஜேக்கப் கோஹன் கொடுத்த கப்பா. இங்கே அது 0.48.

இப்போது அதே 85 சதவீதத்தை வேறு மாதிரி வையுங்கள். இருவரும் "தேவை" 17, இருவரும் "தேவையில்லை" 17, மாறுபாடு அதே 6. கப்பா 0.70.

ஒத்துப்போனது ஒரே 85. ஒன்று 0.48, இன்னொன்று 0.70. எனவே சதவீதத்தை மட்டும் சொன்னால் எனக்குக் காது கேட்காது. கப்பாவை மட்டும் சொன்னாலும் அரைக் காதுதான், ஏனென்றால் தேவை உள்ளவர்கள் ரொம்பக் குறைவாக இருக்கும் ஊரில் நல்ல பணியாளருக்கும் கப்பா இறங்கும். இரண்டையும், கூடவே மேலே சொன்ன நான்கு எண்ணிக்கையும் உள்ள நான்கு கட்ட அட்டவணையையும் அப்படியே கொடுங்கள். கட்டத்தைப் பார்த்தால் யாரும் ஏமாற மாட்டார்கள்.

0.61 முதல் 0.80 வரை "கணிசமான" ஒப்புதல் என்று ஒரு பட்டியல் எல்லா ஆய்வேட்டிலும் இருக்கும். லாண்டிஸ், கோக் இருவரும் 1977இல் போட்டது. இந்தப் பிரிவுகள் தன்னிச்சையானவை என்று அவர்களே அந்தக் கட்டுரையில் சொல்லியிருக்கிறார்கள். பட்டியலை எடுத்துப் போடுகிறவர்கள் அந்த வரியை எடுத்துப் போடுவதில்லை.

பிப்ரவரி 23

படிவத்தை அனுப்பியிருந்தீர்கள், பார்த்தேன். 9ஆவது கேள்வி "படி ஏற முடிகிறதா". அன்றாட வேலைகளை ஒருவர் எவ்வளவு தானே செய்துகொள்கிறார் என்று அளக்கும் பார்த்தெல் குறியீட்டிலிருந்து எடுத்ததாகத் தெரிகிறது. 1965இல் மேரிலாந்தில் நீண்டகால நோயாளிகளுக்கான மருத்துவமனைகளில் பயன்படுத்தி மஹோனியும் பார்த்தெலும் வெளியிட்டது, 10 செயல்கள், 100 மதிப்பெண். மறுவாழ்வுப் பிரிவில் அது நல்ல கருவி. வேலூர் பாகாயத்தில் 1966இலிருந்து மறுவாழ்வு மையம் நடக்கிற ஊர் இது, அந்த மாதிரி இடத்தில் படிக்கட்டு இருக்கும், பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்கும், பக்கத்தில் நின்று பார்க்க ஒரு சிகிச்சையாளர் இருப்பார்.

கே.வி.குப்பத்தில் ஓட்டு வீட்டில் படி ஏது? வாசலில் ஒரு கல் இருக்கும். ஒரு பணியாளர் "படியே இல்லை, ஆகவே பிரச்சினை இல்லை" என்று 0 போடுவார். இன்னொருவர் "இருந்தால் ஏற மாட்டார்" என்று 3 போடுவார். மூன்றாவது ஆள் அந்தக் கல்லைப் படியாகக் கணக்கெடுத்து 1 போடுவார். மூவரிடமும் நியாயம் இருக்கிறது.

இதே சிக்கல் குளிப்பதிலும் வரும். முடியுமா என்று கேட்கிறீர்களா, செய்கிறாரா என்று கேட்கிறீர்களா? பார்த்தெல் வழிகாட்டலில் தெளிவாக உண்டு: என்ன செய்ய முடியும் என்பதை அல்ல, என்ன செய்கிறார் என்பதையே எழுதவேண்டும். உங்கள் படிவத்தில் பாதி கேள்வி "முடிகிறதா", பாதி "செய்கிறாரா". தண்ணீர் லாரி நான்கு நாளைக்கு ஒரு முறை வரும் தெருவில், குளிக்க முடிந்த ஆயா வாரத்துக்கு ஒரு நாள்தான் குளிக்கிறார். உடம்பை அளக்கிறீர்களா, லாரியையா?

சாப்பாட்டுத் திட்டத்துக்குப் படி ஏறுவதே எதற்கு? தூக்கிவிடுங்கள். மூன்று சமையல் கேள்வியில் இரண்டையும் சேர்த்து. ஆல்ஃபா இறங்கும், இறங்கட்டும்.

மார்ச் 2

"இதையெல்லாம் மொபைல் ஆப்பில் போட்டால் சரியாகிவிடும்" என்று எழுதிய நண்பருக்கு: விடுபட்ட பெட்டி இருக்காது, கூட்டல் தப்பு இருக்காது, ஜிபிஎஸ் வரும். நம்பகத்தன்மை வராது. போன முறை மதிப்பெண் திரையில் தெரிகிற மாதிரி ஆப் செய்தால் இன்னும் மோசம். பழைய 31ஐப் பார்த்துக்கொண்டே புதிதாக யார் 22 போடுவார்? இரண்டு முறை அளந்ததும் அற்புதமாக ஒத்துப்போகும், ஏனென்றால் இரண்டாவது முறை யாரும் அளக்கவே இல்லை.

மார்ச் 9

பேச்சு கொஞ்சம் திசை மாறுகிறது, பரவாயில்லை. "நம்ம ஊருக்கு ஏற்ற கருவியே கிடையாதா, எல்லாம் வெளிநாட்டுச் சரக்கா" என்ற கேள்விக்குப் பதில்.

உண்டு. வேலூரிலேயே சமூக அளவில் முதியோர் மறதிநோயைக் கண்டறிய ஒரு தொடக்கநிலைக் கருவி தயாரித்து 2009இல் வெளியிட்டார்கள். வேலூர் பெயரிலேயே இருக்கிறது. அதில் எனக்குப் பிடித்தது, முதியவரிடம் தனியாக, கூட இருப்பவரிடம் தனியாகக் கேட்கும் ஏற்பாடு. 1975இல் வந்த மினி மென்டல் என்ற மறதிப் பரிசோதனையில் எழுதச் சொல்வார்கள், படிக்கச் சொல்வார்கள், படம் வரையச் சொல்வார்கள். பள்ளிக்கூடமே போகாத பீஞ்சமந்தை மலைப் பாட்டிக்கு அதைப் போட்டால் மறதி இல்லாதவருக்கும் மறதி என்று வரும்.

கரிகிரிப் பக்கம் தொழுநோய் மறுவாழ்வில் இருப்பவர்களுக்குப் பங்கேற்பு அளவுகோல் தெரிந்திருக்கும். ஊர் வாழ்க்கையில் கலந்துகொள்ள எவ்வளவு தடை இருக்கிறது என்று அளப்பது, பி ஸ்கேல் என்பார்கள். 18 கேள்வி, இந்தியா, நேபாளம், பிரேசில் ஆகிய நாடுகளில் கள வேலை செய்து தயாரித்தது. "உங்களை ஒத்தவர்கள் போவதுபோல நீங்களும் திருவிழா, கல்யாணம், சாவுக்குப் போகிறீர்களா" என்ற வகைக் கேள்விகள். இல்லையென்றால் அது எவ்வளவு பெரிய பிரச்சினை என்று 1, 2, 3, 5 போடவேண்டும். மொத்தம் 90. 12 வரை இருந்தால் பெரிய தடை இல்லை என்று கொள்வார்கள்.

நல்ல யோசனைதான், ஊரோடு ஒப்பிடாமல் தன்னை ஒத்தவரோடு ஒப்பிடுகிறது. ஆனால் அந்த ஒத்தவர் யார்? தொழுநோய் வந்து குணமான, விரல் மடங்கிய, 65 வயது விதவை ஒருவர். அவரை ஒத்தவர் என்று இன்னொரு விதவையை நினைத்துக்கொண்டால், அந்த அம்மாவும்தான் கல்யாண வீட்டில் முன்வரிசைக்குப் போவதில்லை. ஆக, தடை இல்லை, 0. அவருடைய அண்ணன் மனைவியை ஒத்தவராக நினைத்தால் 5. ஒரு கேள்விக்கே ஐந்து மதிப்பெண் ஆடுகிறது. தடை உண்டு, இல்லை என்று பிரிக்கும் கோடு 12இல் இருக்கும்போது மூன்று கேள்வி இப்படி ஆடினால் போதும்.

இதற்குக் கருவியைத் திட்டிப் பயனில்லை. கேட்பவர் முதலில் "யாரை மனசுல வச்சு சொல்றீங்க" என்று கேட்டு அந்த ஆள் யார் என்பதை ஓரத்தில் எழுதிவிட்டால் பாதி மாறுபாடு போய்விடும். இரண்டாவது பணியாளருக்கும் அதே ஆளைக் கொடுத்துவிடலாம். அப்படி ஓரத்தில் எழுதிய படிவங்களைத்தான் நான் நம்பிப் படிப்பேன்.

மார்ச் 15

மேலே 12 என்ற கோட்டைப் பற்றி எழுதியதும் இருவர் தனியாகக் கேட்டார்கள், ஒரு மதிப்பெண் ஆடுவதால் அப்படி என்ன ஆகிவிடும் என்று.

மனநோயால் வரும் ஊனத்தை அளக்க ஐடியாஸ் என்ற இந்திய அளவுகோல் 2002 முதல் அரசாணைப்படி வழக்கில் இருக்கிறது. நான்கு பகுதி: தன்னைப் பராமரித்துக்கொள்வது, மற்றவரோடு பழகுவது, பேச்சும் புரிதலும், வேலை. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4. நோய் எத்தனை வருஷமாக இருக்கிறது என்பதற்கு 1 முதல் 4 வரை கூட்டல். ஆக 20. இதில் 6 வந்தால் லேசானது, 40 சதவீதத்துக்குக் கீழே. 7 வந்தால் மிதமானது, 40 சதவீதத்தைத் தொட்டுவிடும். 2016ஆம் ஆண்டு ஊனமுற்றோர் உரிமைச் சட்டத்தில் பல உரிமைகள் திறப்பதே 40இல்தான்.

பேரணாம்பட்டு பக்கம் ஒரு பையன், வயது முப்பதைத் தாண்டியது. தோல் ஷாப்பில் மாமா கூட்டிக்கொண்டுபோய் உட்கார வைப்பார், சில நாள் வேலை செய்வான், சில நாள் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பான். "வேலைக்குப் போறானா?" என்று அம்மாவிடம் கேட்டால் "போறான் சார்" என்பார், பெருமையாக. மாமாவிடம் கேட்டால் "எங்க சார் போறான், நான் இழுத்துட்டுப் போறேன்." வேலைப் பகுதியில் அம்மா பதிலுக்கு 1, மாமா பதிலுக்கு 3. மற்றதெல்லாம் அப்படியே இருந்தால் மொத்தம் 5 அல்லது 7. ஊனமுற்றோர் அட்டை கிடைப்பதும் கிடைக்காததும் அன்று முகாமுக்குக் கூட வந்தது யார் என்பதில் நிற்கிறது. அம்மா வந்த முறை கிடைக்கவில்லை. ஆகவே "ஒரு மதிப்பெண்தானே" என்று என்னிடம் சொல்லாதீர்கள்.

மார்ச் 22

கேள்வி கேட்டவர் 300 மதிப்பெண்களையும் வரைபடமாகப் போட்டு அனுப்பினார். 20இலிருந்து மெல்ல ஏறி வருகிறது, 27, 28, 29இல் திடீரென்று பள்ளம், 30, 31இல் மேடு, அப்புறம் பழையபடி சரிவு. பார்த்ததும் சிரித்துவிட்டேன். இது பணியாளர்களின் நல்ல மனசு.

28 வந்து நிற்கிறது, எதிரே ஆயா. கூட்டிப் பார்த்துவிட்டு மேலே போய் ஒரு 1ஐ 2 ஆக்கி, இன்னொரு 2ஐ 3 ஆக்கினால் முடிந்தது. யார் செய்ய மாட்டார்கள்? தென் அமெரிக்காவில் கொலம்பியா நாட்டு அரசு ஏழ்மையை அளக்க சிஸ்பென் என்று ஒரு மதிப்பெண் முறை வைத்திருந்தது. கோடு 47. கணக்கு எப்படிப் போடப்படுகிறது என்பது உள்ளூர் நிர்வாகங்களுக்குத் தெரிந்தபின் அந்தக் கோட்டுக்குச் சற்றுக் கீழே, சலுகை கிடைக்கும் பக்கம் ஆட்கள் குவிந்தார்கள். கமாச்சோ, கோனோவர் என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் அதை 2011இல் விரிவாக எழுதினார்கள். அங்கே தேர்தல் நேரத்தோடும் அது ஒட்டிவந்தது. இங்கே தேர்தல் வேண்டாம், ஒரு ஆயாவின் முகம் போதும்.

விசேஷம் என்னவென்றால், இந்த நல்ல மனசு எல்லாப் பணியாளருக்கும் இருந்தால் இருவர் ஒப்புதல் அருமையாக வரும்! இருவருமே 28ஐ 30 ஆக்குவார்கள். கப்பா 0.9 வந்தாலும் வரும். அதனால்தான் எண்ணைப் பார்ப்பதற்கு முன் வரைபடத்தைப் பார்க்கச் சொல்வது.

இந்தக் குவியலைத் தடுக்க 30 என்ற கோட்டைப் பணியாளர்களிடமிருந்து மறைத்துவிடலாம் என்று முன்பெல்லாம் வாதாடியிருக்கிறேன். இப்போது அவ்வளவு உறுதியில்லை. மறைத்தால் பணியாளர்கள் ஊகிப்பார்கள், ஊகம் ஆளுக்கு ஆள் மாறும், அது இன்னும் மோசம். களத்தில் கூட்டல் போடாமல் அலுவலகத்தில் வந்து போடுவது ஓரளவு உதவும். ஓரளவுதான்.

மார்ச் 23

"பணியாளர்களை நம்பாத படிவம் எதற்கு" என்று கோபமாக ஒரு பதில். நான் அவர்களை நம்புகிறேன். அவர்களுடைய தீர்ப்பை மதிப்பெண்ணுக்குள் ஒளித்துவைக்க விடாதீர்கள் என்கிறேன். கடைசியில் ஒரு கட்டம் போட்டு "மதிப்பெண் எப்படி இருந்தாலும், இவருக்குக் கொடுக்கவேண்டும் என்று நினைக்கிறேன், காரணம் இது" என்று எழுத இடம் விடுங்கள். குவியல் பாதி கரையும்.

மார்ச் 30

மறுசோதனை பற்றி. அதே ஆளிடம் அதே பணியாளர் சிறிது நாள் கழித்துக் கேட்பது. இரண்டு வாரம் என்பது வழக்கம். மிகச் சீக்கிரம் போனால் இருவருக்கும் பழைய பதில் நினைவிருக்கும், தாமதித்தால் நிலைமையே மாறியிருக்கும்.

புத்தகத்தில் இவ்வளவுதான். நம் முதியோருக்கு மாதம் ஒரே சீராக ஓடுவதில்லை. முதியோர் உதவித்தொகை கைக்கு வந்த வாரம், ரேஷன் அரிசி வாங்கிய வாரம், அரிசி தீர்ந்த வாரம் எல்லாம் வேறு வேறு உலகம். "கடந்த ஏழு நாளில் சாப்பிடாமல் படுத்ததுண்டா" என்ற உங்கள் 4ஆவது கேள்விக்கு முதல் வாரம் 0, கடைசி வாரம் 2. சரியாக இரண்டு வாரம் கழித்துப் போனால் எப்போதும் எதிர்ப்பக்க வாரத்தில்தான் விழுவீர்கள். அப்புறம் "மறுசோதனை நம்பகத்தன்மை குறைவு" என்று எழுதுவீர்கள். கருவி சரியாகத்தான் அளந்தது, பசி ஆடியது.

கேள்வியை மாற்றுங்கள். "போன மாதம் எந்த வாரம் ரொம்பக் கஷ்டம், அந்த வாரம் எத்தனை நாள் சாப்பிடவில்லை" என்று கேட்டால் எந்த வாரம் போனாலும் ஏறக்குறைய ஒரே பதில் வரும்.

மே மாதம் மட்டும் வேண்டாம். கத்திரி வெயிலில் வேலூரில் யாரும் யாருக்கும் முழுப் பதில் சொல்வதில்லை, கேட்கிறவருக்கும் கேட்கத் தெம்பிருக்காது. "ஏதோ கீறேன் நைனா" என்று ஆயா சொன்னதை வைத்து ஆறு பெட்டி நிரப்பிவிட்டு மினி பஸ்ஸைப் பிடிக்க ஓடின படிவங்களைப் பார்த்திருக்கிறேன்.

ஏப்ரல் 6

நிதி தருபவர்கள் "ஆறு மாதத்தில் பயனாளிகளின் மதிப்பெண் எவ்வளவு குறைந்தது" என்று கேட்கிறார்களாம். ஒருவருக்கு 34இலிருந்து 27க்கு இறங்கியிருக்கிறது, முன்னேற்றம் என்று எழுதலாமா?

நம்பகத்தன்மையை எண்ணாக விடாமல் மதிப்பெண்ணாக மாற்றுங்கள், பதில் கிடைக்கும். உங்கள் 300 பேரின் திட்ட விலக்கம், அதாவது மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்பது, சுமார் 10 என்று சொல்லியிருந்தீர்கள். தனித்தனி வருகையில் நம்பகத்தன்மை 0.84 வந்தது என்று வையுங்கள், அது நல்ல எண். 1இலிருந்து 0.84ஐக் கழித்தால் 0.16, அதன் வர்க்கமூலம் 0.4, பத்தால் பெருக்கினால் 4. ஒரு தடவை அளக்கும்போது வரும் திட்டப் பிழை 4 மதிப்பெண். இருபுறமும் அதில் இரண்டு மடங்கு விடவேண்டும், 34 என்று எழுதியிருந்தால் 26க்கும் 42க்கும் இடையே எங்கோ என்று பொருள். இரண்டு முறை அளந்து கழிக்கும்போது இரண்டு பிழையும் சேர்ந்துகொள்ளும், 11 மதிப்பெண்ணாவது இறங்கினால்தான் அந்த ஒரு ஆளைப் பற்றி "இறங்கியது" என்று உறுதியாகச் சொல்லலாம். 7 போதாது.

இருநூறு பேரின் சராசரி 7 இறங்கினால் அது வேறு. சராசரியில் பிழைகள் ஒன்றையொன்று தின்றுவிடும். எனவே அறிக்கையில் சராசரியைப் போடுங்கள், "வெற்றிக் கதை" என்று தனி ஆளின் 34, 27ஐப் போடாதீர்கள். போட்டோவோடு போடச் சொன்னால் போட்டோவை மட்டும் போடுங்கள்.

ஏப்ரல் 7

"0.84 நல்ல எண் என்றால் அதிலேயே இவ்வளவு பிழையா" என்று அதிர்ச்சியடைந்தவருக்கு: ஆம்.

மே 4

இருவர் தனித்தனி வருகை செய்து முடித்துவிட்டார்களாம். முடிவைப் பார்த்தேன். மாறுபாடுகளில் பெரும்பகுதி நான்கு கேள்விகளில் குவிந்திருக்கிறது: படி, குளியல், "யார் கவனித்துக்கொள்கிறார்கள்", "தனிமை". மற்ற கேள்விகளில் பெரிதாக ஒன்றுமில்லை. இதுதான் எனக்கு வேண்டிய தகவல், மொத்தத்துக்கு ஒரே எண் கொடுத்திருந்தால் இது தெரிந்திருக்காது. படியைத் தூக்கியாயிற்று. குளியலுக்கு "செய்கிறாரா" என்று ஒரே விதி. "யார் கவனித்துக்கொள்கிறார்கள்" என்பதை முதியவர் தனியாக இருக்கும்போது மட்டும் கேட்பது, அப்போது முடியாவிட்டால் பெட்டியைக் காலியாக விட்டு இன்னொரு நாள் போவது. தனிமைக்கு என்ன செய்வது என்று எனக்குப் பிடிபடவில்லை. பெரிய பணியாளரிடம் அழுத ஆயா சின்னப் பையனிடம் சிரித்திருக்கிறார். அதை மதிப்பெண்ணில் சேர்க்காமல் வெறும் குறிப்பாக வைத்துக்கொள்ளலாமா என்று யோசியுங்கள். சாப்பாட்டுக்கு அது அவ்வளவு முக்கியமா என்பதும் எனக்குச் சந்தேகம், செயலாளர் முக்கியம் என்கிறார், விவாதியுங்கள்.

"எல்லோருக்கும் இரண்டு வருகை செய்ய ஆளில்லை" என்கிறீர்கள். எல்லோருக்கும் வேண்டாம். 12 வந்தவருக்கும் 50 வந்தவருக்கும் இன்னொருவர் போனாலும் முடிவு மாறப்போவதில்லை. 26 முதல் 34 வரை வந்தவர்களுக்கு மட்டும், முதல் மதிப்பெண்ணைக் காட்டாமல், வேறு பணியாளரை, வேறு நேரத்தில் அனுப்புங்கள். முதலில் காலையில் போயிருந்தால் இப்போது மாலையில். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் சனிக்கிழமைக் கூட்டத்தில் இருவரும் உட்கார்ந்து பேசி முடிவெடுக்கட்டும், மதிப்பெண்ணைத் திருத்தாமல் முடிவை மட்டும் எழுதட்டும். மற்றவர்களில் பத்துக்கு ஒருவரைக் குலுக்கல் முறையில் எடுத்து இதே மாதிரி செய்யுங்கள், இல்லாவிட்டால் கோட்டுக்கு அருகில் இருப்பவர்களை மட்டுமே பார்த்துக் கருவி மோசம் என்று நினைத்துவிடுவீர்கள்.

அந்த 200 படிவ அக்காவை ஒவ்வொரு ஜோடியிலும் மாற்றி மாற்றிப் போடுங்கள். அவரிடமிருந்து மற்றவர்கள் எவ்வளவு விலகுகிறார்கள் என்பது தெரிந்தால்தான் பழைய 300ஐ என்ன செய்வது என்று சொல்ல முடியும். தூக்கி எறியவேண்டாம், இப்போதைக்கு யாருக்கும் சாப்பாட்டை நிறுத்தவும் வேண்டாம். ஜூனில் மழை ஒன்று விழுந்தபின் இரண்டாவது சுற்று தொடங்குங்கள். நான்கு கட்ட அட்டவணையை எக்ஸெல்லில் அனுப்பினால் போதும், பவர்பாயின்ட் வேண்டாம்.